அம்மை நோயை எதிர்கொண்ட அரசி
(வாழ்க்கை வரலாறு)

மாணவர்களே! உங்கள் தாத்தா, பாட்டியின் மேற்கையைக் கவனித்துப் பாருங்கள். அறுபது வயதைக் கடந்தவர்கள் பலரின் கையில் வட்ட வடிவில் ஒரு தழும்பு காணப்படும். அதைப் பற்றிக் கேட்டால், சிறுவயதில் அம்மை குத்திய தழும்பு என்று கூறுவார்கள். உங்கள் கையில் அத்தழும்பு இருக்காது. பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படும் காசநோய்த் தடுப்பூசியின் சிறு தழும்பு உங்கள் இடக்கையில் இருக்கலாம். ஆனால் அது வேறு. தாத்தா காலத்தில் தேவைப்பட்ட அம்மைத் தடுப்பூசி உங்கள் காலத்தில் ஏன் தேவைப்படவில்லை? இவ்வினாவிற்கு விடை தேடினால், நாம் வாழும் இந்நகரத்தின் வரலாற்றில் இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கும்.

திருவனந்தபுரத்தில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடங்களுள் வலியசாலை ஒன்று. மலையாளத்தில் வலிய என்றால் பெரிய என்று பொருள். சாலை என்பது இங்கே தெருவைக் குறிப்பதன்று. பழங்காலத்தில் கல்வி பயிலும் இடத்திற்குச் சாலை என்று பெயர். இங்குள்ள காந்தளூர் மகாதேவர் கோயில் அப்பழைய காந்தளூர்ச் சாலையை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது. வலியசாலையிலிருந்து சாலைக் கடைவீதி வழியாக நடந்தால் கிழக்கே கோட்டையை அடையலாம். கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலும் பழைய அரண்மனைகளும் உள்ளன. இக்கோட்டையிலிருந்து திருவிதாங்கூரை ஆண்ட ஓர் இளம் அரசியின் வரலாற்றையே இப்பாடத்தில் காண இருக்கிறோம். அவர் பெயர் கௌரி லட்சுமி பாய்.

இளம் வயதில் அரியணை

கௌரி லட்சுமி பாய் 1791ஆம் ஆண்டு பிறந்தார். திருவிதாங்கூர் அரச மரபில் தந்தைக்குப் பின் மகன் அரசனாவதில்லை. அரசனின் உடன்பிறந்தாளுடைய மகனே அடுத்த அரசன். இதனை மருமக்கள்தாய முறை என்பர். அரச குடும்பப் பெண்கள் ஆற்றிங்கல் அரசியர் என்னும் சிறப்புப் பெற்றிருந்தனர்.

1810ஆம் ஆண்டு மன்னர் பாலராம வர்மா மறைந்தார். அப்போது அரியணை ஏறுவதற்கு உரிய ஆண்மகன் குடும்பத்தில் இல்லை. ஆட்சியுரிமையை வேறொருவரும் கோரினார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக அங்கிருந்த கர்னல் ஜான் மன்றோ, லட்சுமி பாயின் உரிமையே முறையானது என்று ஏற்றார். ஏறத்தாழ இருபது வயதே நிரம்பிய அந்த இளம்பெண் ஒரு நாட்டின் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றார்.

அப்போது நாடு அமைதியாக இல்லை. கம்பெனியின் தலையீட்டை எதிர்த்துத் திவான் வேலுத்தம்பி நடத்திய கிளர்ச்சி 1809ஆம் ஆண்டில்தான் அடக்கப்பட்டிருந்தது. அவர் உயிர்துறந்த துயரம் மக்கள் மனத்தில் ஆறாமல் இருந்தது. ஆங்கிலேயர் சொல்லும் எதையும் ஐயத்துடன் நோக்கும் நிலை நாடெங்கும் நிலவியது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் இதன் முதன்மை புலப்படும்.

ஆட்சியின் முதற்பணிகள்

1811ஆம் ஆண்டு லட்சுமி பாய், மன்றோவையே திவானாகவும் அமர்த்தினார். கொல்லத்திற்கு அருகில் உள்ள மன்றோ தீவு இவர் பெயரால் வழங்குவதே. அரசியின் ஆட்சியில் நீதிமன்றங்கள் நிறுவப்பட்டன. அவற்றுள் ஒன்று பத்மநாபபுரத்தில் அமைந்தது. அவ்வூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அன்று அது திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தது. நாஞ்சில் நாட்டுத் தமிழரும் இவ்வரசியின் குடிமக்களே.

1812ஆம் ஆண்டு, மனிதரை மனிதர் விலைக்கு வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்து அரசி ஆணை பிறப்பித்தார். நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த உழவடிமைகளுக்கு அவ்வாணையால் முழு விடுதலை கிடைக்கவில்லை. அவர்கள் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. எனினும் அத்திசையில் எடுத்துவைத்த முதல் அடியாக அவ்வாணை அமைந்தது.

பெரியம்மை என்னும் பகை

எந்தக் கோட்டை மதிலாலும் தடுக்க இயலாத ஒரு பகை அக்காலத்தில் இருந்தது. அதுதான் பெரியம்மை. மலையாளத்தில் இதனை வசூரி என்பர். காற்றின் வழியே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் இந்நோய், அரசர் என்றும் ஆண்டி என்றும் பாராது. கடுங்காய்ச்சலில் தொடங்கி, முகத்திலும் கைகால்களிலும் கொப்புளங்கள் நிறையும். நோயுற்றவருள் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் இறந்தனர். பிழைத்தவர் முகத்தில் தழும்புகள் நிலைத்தன. சிலர் பார்வையையும் இழந்தனர்.

இந்நோய்க்கு மருந்து இல்லை. மக்கள் வேப்பிலை கட்டி, வீட்டைத் தூய்மையாக வைத்து, அம்மனை வேண்டினர். நோயுற்றவர் வீட்டிற்குப் பிறர் வருவதைத் தவிர்த்தனர். இவ்வழக்கங்களுள் சில நோய் பரவுவதைக் குறைக்கவும் உதவின. மேலும், ஒருமுறை பெரியம்மை கண்டு பிழைத்தவருக்கு அது பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். அதன் காரணத்தை மட்டும் எவரும் அறியவில்லை.

பசு தந்த படிப்பினை

இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் மருத்துவர் ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்கினார். பால் கறக்கும் பெண்களுக்குப் பசுவின் மடியிலிருந்து ஒரு மெல்லிய அம்மை தொற்றியது. கையில் சில கொப்புளங்கள் தோன்றி மறைந்தன. அவ்வாறு பசு அம்மை கண்டவர்களைப் பெரியம்மை தாக்கவில்லை. 1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், பால்காரப் பெண் ஒருத்தியின் கைக்கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையில் கீறி வைத்தார். சிறுவனுக்கு இலேசான காய்ச்சல் வந்து நீங்கியது. பின்னர்ப் பெரியம்மைக் கொப்புளத்து நீரைச் செலுத்தியபோதும் அவனுக்கு நோய் வரவில்லை.

இம்மருந்து இந்தியாவிற்கு வந்த கதையும் வியப்பிற்குரியது. அன்று குளிர்பதனப் பெட்டி இல்லை. வெயிலில் மருந்து விரைவில் கெட்டுவிடும். எனவே ஒரு குழந்தையின் கையில் மருந்தை வைப்பர். ஏறத்தாழ எட்டாம் நாளில் அங்கே கொப்புளம் திரளும். அதில் ஊறிய நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் வைப்பர். இந்நீரையே தமிழில் அம்மைப்பால் என்றனர். இவ்வாறு கைக்குக் கை மாறி, பாக்தாத், பாஸ்ரா நகரங்களின் வழியாக அது பம்பாயை அடைந்தது. 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு அம்மை குத்தப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக அம்மைத் தடுப்புப் பெற்றவள் அவளே. அவள் கையிலிருந்து தொடர்ந்த சங்கிலி பிற நகரங்களுக்கும் நீண்டது.

உடல் என்னும் கோட்டை

பசு அம்மை பெரியம்மையை எவ்வாறு தடுத்தது? ஜென்னருக்கே இதன் காரணம் தெரியாது. பிற்கால அறிவியல் அதனை விளக்கியது.

நம் உடலை ஒரு கோட்டையாகக் கருதுங்கள். தோல் அதன் மதில். காயம் படாத தோலைக் கடந்து கிருமிகள் எளிதில் நுழைய இயலாது. கண், மூக்கு, வாய் ஆகியன கோட்டை வாயில்கள். கண்ணீரிலும் உமிழ்நீரிலும் கிருமிகளை அழிக்கும் பொருள் உண்டு. மூக்கில் ஊறும் சளி, தூசியையும் கிருமிகளையும் பிடித்து நிறுத்துகிறது. உணவோடு உள்ளே செல்லும் கிருமிகளுள் பெரும்பாலானவற்றை இரைப்பை அமிலம் கொல்கிறது.

இவற்றைக் கடந்து கிருமி உள்ளே புகுந்தால், வெள்ளணுக்கள் எழுகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். அவற்றுள் சில, கிருமிகளை அப்படியே விழுங்கிச் செரித்துவிடும். முள் தைத்த இடம் சிவந்து வீங்குவது அங்கே போர் நடப்பதற்கு அடையாளம். சீழ் என்பது பெரும்பாலும் அப்போரில் மடிந்த வெள்ளணுக்களே. காய்ச்சலும் ஒரு தற்காப்பே. உடலின் வெப்பம் உயரும்போது பல கிருமிகளின் பெருக்கம் தடைப்படுகிறது.

வெள்ளணுக்களுள் நிணநீரணுக்கள் என்னும் ஒரு வகை உண்டு. இவை எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. இவற்றுள் ஒரு பிரிவான பி அணுக்கள், கிருமியின் மேற்பரப்போடு பூட்டும் சாவியும் போலப் பொருந்தும் எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்ட கிருமி, உடலணுக்களுக்குள் நுழைய முடியாமல் முடங்குகிறது. மற்றொரு பிரிவான டி அணுக்கள், நெஞ்செலும்பின் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி பெறுகின்றன. கிருமி ஏற்கெனவே புகுந்துவிட்ட உடலணுக்களை இவற்றுள் சில கண்டறிந்து அழிக்கின்றன.

ஆனால் ஒரு புதிய கிருமிக்கு உரிய எதிர்ப்பொருள் போதிய அளவில் உருவாக ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் ஆகும். கொடிய கிருமி அதற்குள் ஆளையே வீழ்த்திவிடக்கூடும். போரில் உடல் வென்றால், அக்கிருமியை அறிந்த அணுக்களுள் சில நீண்டகாலம் உயிரோடிருக்கும். அவற்றை நினைவணுக்கள் என்பர். அதே கிருமி மீண்டும் வந்தால், அவை சில நாள்களிலேயே பெரும்படையைத் திரட்டிவிடும். பெரியம்மை ஒருவருக்கு இருமுறை வராததன் காரணம் இதுவே.

பசு அம்மைக் கிருமி பெரியம்மைக் கிருமிக்கு நெருங்கிய உறவு. ஒன்றிற்காக உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றிற்கும் பொருந்தும். எனவே, மெல்லிய நோயைக் கண்டு உடல் பாடம் கற்கிறது. கொடிய நோய் வரும்போது அப்பாடத்தை நினைவுகூர்கிறது. தடுப்பூசி உடலுக்குப் பதிலாகப் போரிடுவதில்லை. போரிடுவதற்கு முன்கூட்டியே உடலைப் பயிற்றுவிக்கிறது.

முதலில் நீண்ட கைகள்

இவ்விளக்கங்கள் எவையும் 1813ஆம் ஆண்டில் எவருக்கும் தெரியாது. கிருமி என்னும் கருத்தே அன்று நிலைபெறவில்லை. அவ்வாண்டுதான் லட்சுமி பாய் திருவிதாங்கூரில் அம்மை குத்தும் முறையை அறிமுகப்படுத்தினார். மலையாள வழக்கில் இதற்கு அச்சுகுத்து என்று பெயர்.

மக்கள் அஞ்சினர். அவர்களின் அச்சத்தை அறியாமை என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நலமாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையின் கையைக் கீறி, அதற்குக் காய்ச்சல் வரச் செய்வதை எந்தத் தாய்தான் விரும்புவாள்? இம்முறையைக் கொண்டுவந்தவர்களோ, நான்கு ஆண்டுகளுக்கு முன் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர். அம்மை அம்மனின் செயல் என்று நம்பியவர்களுக்கு, அதனைத் தடுக்க முயல்வது தெய்வக் குற்றமாகத் தோன்றியது.

இவற்றுக்கும் மேலாக இன்னொரு தடை இருந்தது. அம்மைப்பால் ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்குச் செல்வது. ஒருவரை ஒருவர் தொடுவதற்கே சாதி தடை விதித்திருந்த காலம் அது. யாருடைய கையிலிருந்து எடுத்தது என்று தெரியாத ஒன்றைத் தம் உடலில் ஏற்கப் பலர் மறுத்தனர். சங்கிலியில் ஒரு கை விலகினால், அதற்கடுத்த கைகளுக்கும் மருந்து எட்டாது. பிற்காலத்தில் கன்றுகளிடமிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்த பின்னரே இத்தடை தளர்ந்தது.

அரசி ஆணையிட்டால் அதிகாரிகள் கீழ்ப்படிவர். ஆனால் தாய்மார்களின் மனத்தில் நம்பிக்கையை ஆணையால் உண்டாக்க முடியாது. இதனை லட்சுமி பாய் உணர்ந்திருந்தார். ஆகவே தம் அரச குடும்பத்தாருக்கே முதலில் அம்மை குத்தச் செய்தார். அரண்மனையில் உள்ளவர்கள் ஏற்றுக்கொண்டதைக் கண்ட பிறகு, மக்களின் தயக்கம் மெல்லக் குறையத் தொடங்கியது.

அச்செயலின் அருமையை அறிய, அவ்வாண்டின் மற்றொரு நிகழ்ச்சியையும் அறிய வேண்டும். 1813ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அரசிக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அதுவே நாடு நெடுநாள் எதிர்பார்த்திருந்த வாரிசு. கருவிலேயே அரசுரிமை பெற்றமையால் அக்குழந்தையைக் கர்ப்பஸ்ரீமான் என்று போற்றினர். அதனைத் தாலாட்ட இரயிம்மன் தம்பி இயற்றிய பாடல், இன்றும் கேரளத்து வீடுகளில் ஒலிக்கிறது. அக்குழந்தையே பின்னாளில் இசையால் புகழ்பெற்ற சுவாதித் திருநாள் மகாராஜா. இத்தகைய அரிய வாரிசைப் பெற்ற குடும்பம், எவரும் நன்கு அறியாத ஒரு மருத்துவத்தை நாட்டு மக்களுக்கு முன்பாகத் தான் ஏற்றது.

அரசியின் மறைவும் தொடர்ந்த பணியும்

மகன் பிறந்த சில மாதங்களில், அவனையே நாட்டின் அரசனாக அறிவித்து, லட்சுமி பாய் அவன் சார்பில் ஆட்சியைத் தொடர்ந்தார். 1814ஆம் ஆண்டு இரண்டாம் மகன் உத்திரம் திருநாள் பிறந்தார். அடுத்த ஆண்டே, 1815இல் அரசி மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. மூத்த மகனுக்கு மூன்று வயதும் நிரம்பவில்லை.

அரசியின் தங்கை கௌரி பார்வதி பாய் பொறுப்பேற்று, தம் அக்காளின் பிள்ளைகளையும் நாட்டையும் 1829ஆம் ஆண்டு வரை காத்தார். மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817ஆம் ஆண்டு ஆணை வெளியிட்டவர் இவரே. அம்மை குத்தும் பணியும் நிற்கவில்லை. 1879ஆம் ஆண்டு அரசு ஊழியர், மாணவர், சிறைக்கைதிகள் ஆகியோர் அம்மை குத்திக்கொள்வது திருவிதாங்கூரில் கட்டாயமாக்கப்பட்டது.

நாடு விடுதலை பெற்ற பின்னர், பெரியம்மையை அடியோடு ஒழிக்கும் பணி இந்தியா முழுவதும் நடைபெற்றது. தடுப்புப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றனர். உங்கள் தாத்தா பாட்டியர் கையில் உள்ள தழும்பு அவர்கள் இட்ட அடையாளம். 1975ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பின் இந்தியாவில் எவருக்கும் பெரியம்மை வரவில்லை. 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்தது என உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. தாக்கும் நோய் இல்லாமற்போனதால் தடுப்பூசியும் தேவையற்றதாயிற்று. உங்கள் கையில் அத்தழும்பு இல்லாததன் காரணம் இதுவே.

ஊரில் பெரும்பாலோர் தடுப்பூசி பெற்றிருந்தால், பரவ வழியின்றி நோய் அடங்கும். தடுப்பூசி பெறும் வயதை எட்டாத கைக்குழந்தைக்கும் அது காப்பாகிறது. இன்று தட்டம்மை, இளம்பிள்ளைவாதம் போன்ற நோய்களை நாம் இவ்வழியிலேயே தடுக்கிறோம். ஒவ்வொருவரும் நீட்டும் கை, தம்மைக் காப்பதோடு அண்டை வீட்டுக் குழந்தையையும் காக்கிறது. கௌரி லட்சுமி பாய் ஆண்டது ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவே. ஆனால் பிறரை ஏற்கச் சொல்வதைத் தாம் முதலில் ஏற்க வேண்டும் என்று அவர் காட்டிய நெறிக்குக் கால எல்லை இல்லை.

அருஞ்சொற்பொருள்

அரியணை – அரசர் அமரும் இருக்கை
ஐயம் – சந்தேகம்
வாரிசு – உரிமையுடைய வழித்தோன்றல்
நிணநீரணு – நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களுள் ஒரு வகை
எதிர்ப்பொருள் – கிருமியை முடக்க உடல் உருவாக்கும் பொருள்
நெறி – வழி, ஒழுக்கம்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வலியசாலை என்னும் பெயரில் சாலை என்பது எதனைக் குறிக்கிறது?
2. அம்மைப்பால் என்பது யாது?
3. நினைவணுக்களின் பணி யாது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. மக்கள் அம்மை குத்திக்கொள்ளத் தயங்கியதற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. உடலைக் கோட்டையோடு ஒப்பிட்டு விளக்குக.

இ. செயல்பாடு
உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், அவருக்கு அம்மை குத்திய நாளைப் பற்றித் தமிழில் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.